ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் 948: சம்ப்பைக் கழற்றினால் அடியில் பிறை வாஷர் கிடக்கிறது, இனி எங்கிருந்து தொடங்குவது?

திருச்சி_ஹெரால்ட்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3, நாலு கதவு. அப்பா 1983-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். நானும் தங்கையும் பள்ளிக்கூடம் போனது, அக்கா கல்யாணத்துக்குப் பெண் அழைப்பு, தாத்தாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எல்லாம் இதில்தான். 2001-ல் ஒரு பட்டறையில் இன்ஜின் வேலை முழுசாகப் பார்த்துக் கொடுத்தார்கள். மூன்று வருஷம்கூட ஒழுங்காக ஓடவில்லை. கிளட்ச்சை மிதித்தால் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். 2004-ல் ஷெட்டில் நிறுத்தியதுதான், அப்புறம் எடுக்கவே இல்லை.

போன மாதம் செயின் பிளாக் போட்டு இன்ஜினை இறக்கிவிட்டோம். பானெட் முழுசும் முன்பக்கம் சாயும் வண்டி என்பதால் அதைக் கழற்றி வைத்துவிட்டால் இன்ஜின் திறந்த வெளியில் நிற்கிற மாதிரிதான், இறக்குவது சுலபமாக இருந்தது. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி ஆயிலை வடித்தபோது அடியில் அரை வட்டமாக ஒரு தகடு கிடந்தது. கையில் எடுத்துத் துடைத்துப் பார்த்தால் ஒரு ஓரம் பிளேடு மாதிரி மெலிந்திருக்கிறது. பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டான கிராங்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் முன்னும் பின்னும் நன்றாக நகர்கிறது. ஃபீலர் கேஜ் வைத்தால் 32 தவ் காட்டுகிறது.

உள்ளூர் மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல, மாருதி இன்ஜின் தூக்கி வெச்சுடுங்க" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. பிளாக்கைக் காப்பாற்ற முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஸ்பேனர்

தம்பி, அது த்ரஸ்ட் வாஷர். இந்தக் குடும்பத்து இன்ஜின்களுக்கே உள்ள வியாதி. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பது பின் மெயின் பேரிங்குக்கு இரண்டு பக்கமும் உட்காரும் இரண்டு அரை வட்ட வாஷர்கள் மட்டுமே. அதுவும் மேல் பாதியில், பிளாக் பக்கம் மட்டும். கீழே கேப்பில் வாஷர் கிடையாது. கிளட்ச்சை ஒவ்வொரு தரம் மிதிக்கும்போதும் கிராங்க் முன்பக்கம் தள்ளப்படும், அந்தத் தள்ளலைத் தாங்குவது பின்பக்கத்து வாஷர். சிக்னலில் கியரில் போட்டு கிளட்ச்சை அமுக்கிக்கொண்டே நிற்கிற பழக்கம் இருந்தால் அது சீக்கிரம் தேயும். ஒரு அளவுக்கு மேல் மெலிந்ததும் அப்படியே சுற்றிக்கொண்டு வெளியே வந்து சம்ப்பில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு கிராங்க் நேராக பிளாக்கிலேயே உரசும்.

இருக்க வேண்டிய ஆட்டம் 4 முதல் 8 தவ். உனக்கு 32. வாஷர் விழுந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பிளாக்கின் கதி. பின் மெயின் கேப்பைக் கழற்றி, கிராங்கை எடுத்துவிட்டு, வாஷர் உட்காரும் முகத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பார். நகம் மாட்டினால் படி விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. இன்னொரு வாஷர் இன்னும் இடத்திலேயே இருக்கும் இல்லையா? அதை எடுக்கும் முன் போட்டோ எடு. அதில் இரண்டு பள்ளம் இருக்கும், ஆயில் போவதற்கு. அந்தப் பள்ளம் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று சொல்.

மதுரை_ரோடு

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மாமா ஹெரால்டில் மாருதி 800 இன்ஜின்தான் வைத்திருக்கிறார். கியர்பாக்ஸோடு சேர்த்து வைத்தார்கள். 796 சிசி என்றாலும் லேசான இன்ஜின், பார்ட்ஸ் எந்தத் தெருவிலும் கிடைக்கும், கொடைக்கானல் மலையே ஏறி வந்துவிட்டார். 948-க்கு ரிங் செட்டுக்கு நாலு ஊர் அலைய வேண்டும். ஓட்டுவதற்காகத்தானே கார்? ஷெட்டிலேயே நிற்பதற்கு மாருதி இன்ஜினோடு ரோட்டில் ஓடுவது மேல் இல்லையா?

திருச்சி_ஹெரால்ட்

மதுரை அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். அப்பா ராத்திரி தெருமுனை திரும்பும்போதே அம்மா எழுந்து கதவைத் திறப்பார், ஹாரன் அடித்ததே இல்லை. அம்மாவுக்கு இப்போது 74. அந்த இன்ஜின் ஓடுவதை அவர் ஒரு தரம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கணபதி_லேத்

கோவையில் 30 வருஷமாக கிராங்க் கிரைண்டிங், போரிங் வேலை செய்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். எந்தப் பட்டறைக்கும் பிளாக்கைக் கொண்டுபோய் "போர் பண்ணிக் கொடுங்க" என்று சொல்லாதீர்கள். முதலில் அளவு எடுக்க வேண்டும். எங்களிடம் வருகிற பழைய வண்டிகளில் பாதி, தேய்மானத்தால் கெட்டதைவிட அளக்காமல் அறுத்ததால் கெட்டதுதான் அதிகம்.

போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், ஸ்டாண்டர்ட் 63 மில்லி. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 76. 2001-ல் வேலை நடந்திருக்கிறது என்றால் ஏற்கெனவே ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருப்பார்கள், பிஸ்டன் தலையில் 020 அல்லது 030 என்று அடித்திருக்கும், கரியைச் சுரண்டிப் பாருங்கள். அப்புறம் போர் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவில், கீழே, மூன்று இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளவு எடுங்கள். மேலே ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும்.

இங்கேதான் நிறைய பேர் கணக்கில் தவறு செய்கிறார்கள். 20 ஓவர்சைஸில் இருக்கும் சிலிண்டர் 7 தவ் தேய்ந்திருக்கிறது, அடுத்த அளவு 30, இன்னும் 3 தவ் மிச்சம் இருக்கிறதே, போதும் என்பார்கள். போதாது. தேய்மானம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்காது, பிஸ்டன் சாய்கிற பக்கம்தான் தேயும். அந்த 7 முழுசும் ஒரே பக்கம் இருந்தால், பழைய மையத்திலேயே போர் போட்டால் விட்டத்தில் 14 எடுத்தால்தான் சுத்தமாகும். 30-க்குப் போட்டால் ஒரு பக்கம் கட்டிங் டூல் தொடவே தொடாது, கறுப்புத் திட்டு அப்படியே நிற்கும். மையத்தைத் தள்ளி வைத்து ஒப்பேற்றினால் பிஸ்டன் நேராக ஓடாது.

கிராங்க்குக்கும் அதே கதைதான். ஜர்னல் என்பது கிராங்கில் பேரிங் உட்காரும் உருளை. மெயின் ஜர்னல் ஸ்டாண்டர்ட் 2 அங்குலம், கான்ராட் ஜர்னல் ஒன்றே ஐந்து எட்டு (1 5/8) அங்குலம். மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றையும் இரண்டு திசையில் அளந்து, நீள்வட்டம் எவ்வளவு, சரிவு எவ்வளவு என்று எழுதி இங்கே போடுங்கள். வெர்னியர் வைத்து அளந்து சொல்லாதீர்கள், அதில் தவ் கணக்கு நிற்காது.

புது_ஓனர்_வேலூர்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். தவ் என்றால் என்ன? போன வாரம்தான் ஒரு ஸ்டாண்டர்ட் கெசல் கார் வாங்கியிருக்கிறேன், எல்லாமே புதுசு.

பழைய_ஸ்பேனர்

அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மில்லியில் 0.0254. உத்தேசமாகத் தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள். கெசலுக்கும் இதே 948 இன்ஜின்தான், 1972-ல் வந்தது. ஹெரால்டின் பின் ஆக்ஸிலைத்தான் அதில் மாற்றினார்கள். ஹெரால்டில் பின் சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஆடும், கெசலில் ஒரே ஆக்ஸில். அதனால் இன்ஜின் பற்றி இங்கே சொல்வது உனக்கும் பொருந்தும், பின்பக்கம் பற்றிச் சொல்வது பொருந்தாது.

ஆர்சி_புக்

இன்ஜின் மாற்றுவது பற்றி ஒரு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, பதிவில் இருக்கும் விவரம் மாறுகிற அளவுக்கு எந்த மாற்றம் செய்தாலும் ஆர்டிஓ அனுமதி வேண்டும். 2021-ல் வந்த விண்டேஜ் விதிகளையும் பாருங்கள். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்தோடு தனி வரிசை எண் கொடுக்கிறார்கள், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, இன்ஜினையோ சேஸியையோ மாற்றியிருந்தால் கிடைக்காது. தினசரி ஓட்டவும் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்புக்குக் கொண்டுபோவது, அவ்வளவுதான். ஆகவே வழக்கமான பதிவா, விஏ பதிவா என்று யோசித்துவிட்டு அப்புறம் இன்ஜினில் கை வையுங்கள். ஒரு தரம் மாருதி வைத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

மதுரை_ரோடு

இது எனக்குத் தெரியாது. மாமாவிடம் கேட்டேன், அவர் ஆர்சியில் ஏற்றவே இல்லையாம். நான் சொன்ன யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், திருச்சி நண்பர் 948-ஐயே செய்யட்டும்.

திருச்சி_ஹெரால்ட்

அளவு எடுத்தாச்சு. போர் கேஜ் என்னிடம் இல்லை, அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்காரர் தானே எடுத்துக் கொடுத்தார், காசுகூட வாங்கவில்லை.

பிஸ்டனில் 020 இருக்கிறது. தேய்மானம் 1-ல் 5 தவ், 2-ல் 5, 3-ல் 7, 4-ல் 6. கணபதி அண்ணா சொன்ன அதே கணக்கு, அதே எண், படித்தபோது என் வண்டியைப் பார்த்துவிட்டு எழுதிய மாதிரி இருந்தது. கான்ராட் ஜர்னல் ஏற்கெனவே 10 அண்டர்சைஸ் (10 தவ் குறைத்து கிரைண்டிங் போட்டது), நீள்வட்டம் அதிகபட்சம் இரண்டரை தவ். மெயின் மூன்றும் ஸ்டாண்டர்டிலேயே இருக்கிறது, ஒரு தவ்வுக்குள்தான் தேய்மானம், ஆனால் பின் ஜர்னலில் கோடுகள் இருக்கின்றன.

அப்புறம் பழைய ஸ்பேனர் அண்ணா கேட்ட விஷயம். இடத்திலேயே இருந்த முன்பக்க வாஷரைப் பார்த்தேன். பள்ளம் பிளாக்கைப் பார்த்து இருக்கிறது, கிராங்கைப் பார்த்து இல்லை. சம்ப்பில் கிடந்ததையும் எடுத்துப் பார்த்தேன், அதிலும் பள்ளம் இருக்கும் பக்கம் தேயவில்லை, முதுகுப் பக்கம்தான் தேய்ந்திருக்கிறது. இரண்டையும் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

பழைய_ஸ்பேனர்

அப்படித்தான் நினைத்தேன். பேரிங் உலோகம் பூசியிருப்பது பள்ளம் உள்ள முகத்தில் மட்டும், முதுகு வெறும் எஃகு. எஃகு முகம் கிராங்கில் உரசினால் ஆயிலும் போகாது, இரண்டும் சேர்ந்து தேயும். அதனால்தான் மூன்று வருஷத்தில் போய்விட்டது. பள்ளம் எப்போதும் கிராங்கைப் பார்த்து, பிளாக்குக்கு வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிஷ வேலை, ஒரு இன்ஜினையே தின்றுவிட்டது.

அப்பா ஓட்டிய விதத்தில் தப்பு இல்லை தம்பி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

திருச்சி_ஹெரால்ட்

அண்ணா, இதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. அந்தப் பட்டறையில் அன்றைக்கு அப்பாவிடம் "நீங்க கிளட்ச்ல கால் வெச்சே ஓட்டுறீங்க சார்" என்றுதான் சொன்னார்கள். அவரும் நம்பி, அதற்கப்புறம் வண்டியை எடுக்கவே தயங்கினார். 2009-ல் இறந்துவிட்டார். தெரிந்திருந்தால் அன்றைக்கே பிரித்துப் பார்த்திருப்பேன்.

கணபதி_லேத்

சரி, வேலைக்கு வருவோம்.

போர்: 30-க்கு வேண்டாம். என் யோசனை, நாலு சிலிண்டருக்கும் டிரை லைனர் (உள்ளே இறக்கும் புதுக் குழாய்) அடித்து ஸ்டாண்டர்ட் 63-க்கே திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். ஒன்றுக்கு மட்டும் அடிக்கக் கூடாது, நாலுக்கும் அடித்தால்தான் சமமாக இருக்கும். லைனர் இறுக்கமாக இறங்க வேண்டும், வெளி விட்டம் பிளாக்கின் துளையைவிட இரண்டு, மூன்று தவ் பெரிசாக வைத்து பிரஸ்ஸில் இறக்குவோம். அதற்கப்புறம் போர் போட்டு, ஹோனிங் (கல்லால் தேய்த்துக் கடைசி அளவுக்குக் கொண்டுவருவது) போட்டு முடிப்பது. இதில் இன்னொரு லாபம், ஸ்டாண்டர்ட் அளவு பிஸ்டன் பழைய ஸ்டாக்கில் கிடைக்க வாய்ப்பு அதிகம், நாளைக்கு இன்னொரு தரம் வேலை வந்தாலும் 20, 30 என்று போக இடம் இருக்கும். பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் ஹோனிங். பிஸ்டனை அளந்து, அதற்கு ஏற்ப போர். புத்தகத்து அளவுக்கு போர் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடாதீர்கள்.

அதற்கு முன்னால் பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டை (சாயம்) போட்டுப் பார்க்கிற வசதி இல்லாவிட்டால் நாங்கள் அந்தக் காலத்தில் செய்ததைச் செய்யுங்கள்: நன்றாகக் கழுவிக் காய்ந்த பிளாக்கில் மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிஷம் விட்டு, துடைத்துவிட்டு, சாக்பீஸ் மாவைப் பூசி வெயிலில் வையுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து சாக்பீஸில் ஈரக் கோடு விழும்.

கிராங்க்: கான்ராட் ஜர்னல் 20-க்கு, மெயின் 10-க்கு. கிரைண்டிங் போடும்போது ஜர்னலின் ஓரத்தில் இருக்கும் வளைவை அப்படியே வைக்கச் சொல்லுங்கள். கிரைண்டிங் வீலைக் கூராகத் தீட்டிப் போட்டுவிட்டால் அந்த மூலை கத்தி மாதிரி ஆகிவிடும், மூன்று பேரிங் கிராங்க் அந்த இடத்தில்தான் உடையும். வேலை முடிந்ததும் ஆயில் துளைகளில் பிரஷ் விட்டு மண்ணெண்ணெயால் கழுவி, காற்று அடித்து, மறுபடி கழுவுங்கள். கிரைண்டிங் துகள் உள்ளே இருந்தால் புது பேரிங் ஒரு மணி நேரம் தாங்காது.

பிளாக்கின் த்ரஸ்ட் முகம் எப்படி இருக்கிறது?

திருச்சி_ஹெரால்ட்

படி விழுந்திருக்கிறது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. வாஷர் உட்காரும் பள்ளத்தின் பின் முகத்தில் 6 தவ். கிராங்க் பக்கம் 3 தவ், அது கிரைண்டிங்கில் சுத்தமாகிவிடும் என்கிறார்கள்.

கணபதி_லேத்

நல்ல காலம். பிளாக் முகத்தை லேசாகச் சமன் செய்துவிட்டு, கிராங்க் முகத்தையும் பாலிஷ் போட்டுவிட்டு, ஓவர்சைஸ் த்ரஸ்ட் வாஷர் போட்டால் வந்துவிடும். 5 தவ் கனம் கூடினது கிடைக்கும். அதுவும் போதாவிட்டால் இன்னும் கனமானதை வாங்கி, முதுகுப் பக்கத்தை மட்டும் கண்ணாடி மேல் எமரி ஒட்டித் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம். பள்ளம் இருக்கும் முகத்தில் எமரி படவே கூடாது.

சேலம்_சுண்ணாம்பு

பிளாக்கை லைனருக்குக் கொடுக்கும் முன் கோர் பிளக் (பிளாக்கின் தண்ணீர் வழியை மூடும் தகட்டு மூடிகள்) எல்லாவற்றையும் கழற்றுங்கள். எங்கள் ஊரில் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் நாலாவது சிலிண்டர் பின்பக்கம் துருவும் சுண்ணாம்புமாகக் கல் மாதிரி இறுகியிருக்கும். நான் என் வண்டியில் வளைத்த சைக்கிள் கம்பியை விட்டுக் குத்திக் குத்தி எடுத்தேன், ஒரு படி அளவுக்குச் செந்தூள் வந்தது. அது இருக்கும்வரை எந்த ரேடியேட்டர் போட்டாலும் சூடு குறையாது. அப்புறம் எல்லாரும் ஹெட் கேஸ்கெட்டைத்தான் குறை சொல்வார்கள்.

எத்தனால்_கவலை

ஹெட் வேலையில் வால்வு சீட், அதாவது வால்வு மூடும்போது உட்காரும் இடம், பற்றி யாரும் பேசவில்லையே. நாடு முழுக்க 2000 பிப்ரவரியிலிருந்து ஈயம் இல்லாத பெட்ரோல்தான். இந்த ஹெட் வார்ப்பிரும்பு, சீட் தனியாக இல்லை, ஹெட்டிலேயே வெட்டியது. ஈயம்தான் சீட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் படிந்து காத்தது. அது இல்லாமல் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குள் இறங்கிக்கொண்டே போகும், டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் விடுவது) தானாகக் குறையும். ஹெட் கையில் இருக்கும்போதே எக்ஸாஸ்ட் நாலுக்கும் கடினமான சீட் ரிங் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாபிரம் இரண்டும் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், மாசக் கணக்கில் நிற்கிற வண்டியில் டேங்க் துருப்பிடிக்கும். ஹோஸை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள், தீப்பிடிக்கிற விஷயம் இது.

பழைய_ஸ்பேனர்

சீட் ரிங் விஷயத்தில் நான் ஒத்துப்போகவில்லை. மாசம் நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓடும் வண்டிக்கு அது அவசரம் இல்லை, சீட் தேய்வது தொடர்ந்து வேகமாக, பாரத்தோடு ஓட்டும்போதுதான். கண்ட பட்டறையில் ரிங் அடித்து அது கழன்று விழுந்து பிஸ்டனை உடைத்ததைப் பார்த்திருக்கிறேன். நல்ல கை கிடைத்தால் செய், இல்லாவிட்டால் வால்வு லேப்பிங் போட்டு, கைடு மட்டும் மாற்றி, ஆறு மாசத்துக்கு ஒரு தரம் டேப்பெட் பார். குளிர்ந்த இன்ஜினில் எல்லா வால்வுக்கும் 10 தவ். ஒன்பது கணக்கை வைத்துக்கொள்: 1-வது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது 8-வதைச் சரி செய், 2 திறந்தால் 7, 3 திறந்தால் 6.

ஹோஸ் பற்றிச் சொன்னது நூறு சதவீதம் சரி.

திருச்சி_ஹெரால்ட்

இரண்டு மாசமாக எழுதவில்லை, மன்னிக்கவும். வேலை நடந்துகொண்டே இருந்தது.

பிளாக்கையும் கிராங்கையும் கோவைக்கே கொண்டுபோய்விட்டேன். லைனர் நாலும் அடித்தாச்சு. பிஸ்டனுக்கு சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மூன்று நாள் அலைந்தேன். நாலாவது நாள் ஒரு பெரியவர் கடையில், பரணில் இருந்து மெழுகுத் தாளில் சுற்றிய ஸ்டாண்டர்ட் செட் ஒன்றை இறக்கிக் கொடுத்தார், தாளைப் பிரித்ததும் இன்னும் அந்தப் பழைய ஆயில் வாசனை. ரிங்கை போருக்குள் விட்டு இடைவெளி பார்த்தேன், அங்குலத்துக்கு 4 தவ் என்ற கணக்கில் 10 வர வேண்டும், இரண்டு ரிங்கில் 7-தான் இருந்தது, அரத்தில் தேய்த்துச் சரி செய்தேன். பிஸ்டன், கான்ராட் எல்லாவற்றையும் பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்து எடை பார்த்தோம். கான்ராட் ஒன்று மட்டும் 5 கிராம் கூட இருந்தது, கேப்பின் அடியில் லேசாகத் தேய்த்துச் சமன் செய்தாச்சு.

சேலம் அண்ணா சொன்ன அதே இடத்தில், நாலாவது சிலிண்டருக்குப் பின்னால், ஒரு டப்பா நிறையத் துரு. 2001-ல் கோர் பிளக்கைக் கழற்றவே இல்லை போல, பெயின்ட்தான் அடித்திருக்கிறார்கள்.

த்ரஸ்ட் வாஷர் 5 தவ் ஓவர்சைஸ் போட்டு, டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் ஆட்டம் 6 தவ். பள்ளம் கிராங்கைப் பார்த்து. மூன்று தரம் டார்ச் அடித்துப் பார்த்தேன், தம்பியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

இப்போது மாட்டிக்கொண்டு நிற்பது முன்பக்கத்து அலுமினியம் சீலிங் பிளாக்கில் (சம்ப்பின் முன் ஓரத்தில் ஆயில் ஒழுகாமல் அடைக்கும் கட்டை). இரண்டு ஸ்க்ரூவிலும் மரை போயிருக்கிறது.

பழைய_ஸ்பேனர்

அது எல்லா வண்டியிலும் போயிருக்கும், மென்மையான உலோகம். ஹெலிகாயில் (மரையைப் புதுப்பிக்க உள்ளே வைக்கும் கம்பிச் சுருள்) போட்டுவிடு. சீலிங் பிளாக்கின் இரண்டு ஓரத்திலும் சின்ன மரச் சக்கை வரும், அதை கேஸ்கெட் பேஸ்ட் தடவி அடித்து இறக்கி, மேலே நீட்டிக்கொண்டிருப்பதைப் பிளேடால் பிளாக்கோடு சமமாகச் சீவு. அதில் சோம்பல்பட்டால் சம்ப்பின் முன்பக்கம் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

பின்பக்கம் ஆயில் சீலுக்கு ரப்பர் கிடையாது, கிராங்கில் வெட்டிய மரைதான் ஆயிலைத் திருப்பி உள்ளே அனுப்பும். அதைச் சுற்றி வரும் அலுமினிய வளையத்தை மாட்டும்போது போல்ட்டை லேசாக வைத்துக்கொண்டு, ஃபீலரை நாலு பக்கமும் விட்டு, சுற்றிலும் இடைவெளி ஒன்றாக இருக்கிற மாதிரி மையப்படுத்திவிட்டு அப்புறம் முறுக்கு. ஒரு பக்கம் உரசினால் இரண்டுமே கெடும், ஒரு பக்கம் அகன்றால் கிளட்ச்சில் ஆயில்.

ஆயில் பம்பையும் பார்த்தாயா? ரோட்டருக்கும் மூடிக்கும் நடுவில் 4 தவ்வுக்கு மேல் இருந்தால் மூடியைக் கண்ணாடி மேல் வைத்துத் தேய்.

டிரன்னியன்_தாஸ்

இன்ஜின் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள், முன் சக்கரத்தைப் பார்த்தீர்களா? முன் சக்கரத் தண்டு திரும்புவதற்கு அடியில் மரையோடு இருக்கும் வெண்கல டிரன்னியனில் எல்லாரும் கிரீஸ் அடித்து வைத்திருப்பார்கள். அது தப்பு, அங்கே போக வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, காய்ந்து கட்டியாகி ஆயிலுக்கு இருக்கும் வழியையும் அடைத்துவிடும், தண்ணீர் தங்கி உள்ளே இருக்கும் எஃகுத் தண்டு துருப்பிடிக்கும். மெதுவாகத் திருப்பும்போதுதான் அது பட்டென்று உடையும், சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். எனக்கு உடைந்தது வீட்டு வாசலில், அதனால் உயிரோடு எழுதுகிறேன். இரண்டையும் கழற்றி, தண்டின் மரையை விரலால் தடவிப் பாருங்கள், பள்ளமோ துருக்குழியோ இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். இடது, வலது மரை எதிரெதிர், மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

திருச்சி_ஹெரால்ட்

தாஸ் அண்ணா, கழற்றினேன். வலது பக்கம் நன்றாக இருக்கிறது. இடது பக்கத் தண்டில் மரைக்கு மேலே, ரப்பர் சீல் உட்காரும் இடத்தில், அரிசி அளவுக்குத் துருக்குழி. இதோடு ரோட்டுக்குப் போயிருந்தால்? புதுசு இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிறேன், நம் வண்டியின் அசலான டிரையம்ப் ஹெரால்டுக்கு அங்கே இன்னும் கிடைக்கிறது.

திருச்சி_ஹெரால்ட்

நேற்று ஸ்டார்ட் ஆயிற்று.

டிஸ்ட்ரிபியூட்டரையும் அதன் கீழே இருக்கும் கியரையும் வெளியே எடுத்துவிட்டு, டிரில் மெஷினால் ஆயில் பம்பை முதலில் சுற்றினோம். தற்காலிகமாக மாட்டிய கேஜில் முள் எழும்பி, ராக்கர் ஷாஃப்ட்டில் ஆயில் சொட்டும்வரை விட்டோம். கியரைத் திருப்பி வைக்கும்போது முன்பே எடுத்த போட்டோ உதவியது. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ரோட்டர் இடஞ்சுழி. இரண்டாவது தரம் ஸ்டார்ட்டர் சுற்றியபோது பிடித்துக்கொண்டது. புது கேம் ஃபாலோயர் என்பதால் ஐட்லிங்கில் விடாமல் 2000 ஆர்பிஎம்மில் 20 நிமிஷம் வைத்தோம். சூடான பிறகு ஆயில் பிரஷர் 45 பவுண்ட். கிளட்ச்சை மிதித்து கிராங்க் புல்லியைப் பார்த்தேன், அசையவில்லை.

அம்மா சமையலறையில் இருந்தார். ஷெட் வீட்டுக்குப் பின்னால். சத்தம் கேட்டதும் யாரும் சொல்லாமலேயே போய் வாசல் கதவைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தங்கை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

பழைய_ஸ்பேனர்

சந்தோஷம் தம்பி. ரொம்ப சந்தோஷம். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்று, அன்றைக்கே ஹெட் நட்டை மறுபடி முறுக்கி டேப்பெட் பார். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஆயில்தான், ஜிஎல்-5 பித்தளை சிங்க்ரோவை அரிக்கும். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, வண்டி முழுசாக நின்ற பிறகு போடு.

புது_ஓனர்_வேலூர்

என் கெசலில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு புல்லியைப் பார்த்தேன். நகர்கிறது. நாளைக்குச் சம்ப்பைக் கழற்றுகிறேன். வாஷரை வெளியே எடுக்கும் முன் போட்டோ எடுத்து இங்கேயே போடுகிறேன்.